கடைசியா எந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்க?

வேலை போய்விட்டது என்று வருகிறவர்களிடம் எத்தனை வருட சர்வீஸ், எவ்வளவு சம்பளம் என்றெல்லாம் நான் முதலில் கேட்பதில்லை. தலைப்பில் இருக்கும் கேள்வியைத்தான் கேட்பேன். தொழிற்சாலை டைம் ஆபீசிலேயே பாதி ஆயுளைத் தள்ளியவன் நான். வேலை போன அன்று ஒருவர் போடும் கையெழுத்து, அடுத்த சில மாதங்களுக்கு அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதில் பாதியைத் தீர்மானித்துவிடும் என்பது என் அனுபவம்.

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்த தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். செப்டம்பர் 30 அன்று ஷிப்ட் முடிந்ததும் ஹெச்.ஆர். கூப்பிட்டிருக்கிறார். "ஆர்டர் இல்லப்பா. நீயே ரிசைன் பண்ணிட்டதா எழுதிக் கொடுத்துடு. செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும், அடுத்த கம்பெனியில கேட்டாலும் உனக்கு மரியாதை" என்றாராம்.

"எழுதிக் கொடுத்துட்டீங்களா?"

"ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கேன் சார்."

"அப்ப டீயை ஆற அமரக் குடிங்க. பேசலாம்."

வேலை போனால் அரசாங்கம் பணம் தருவது அமெரிக்காவில்தான், இங்கே அப்படி எதுவும் கிடையாது என்றுதான் அந்தத் தம்பியும் நினைத்திருந்தார். தெரிந்தவர் ஒருவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போய்க் கேட்கச் சொன்னாராம். அங்கே தருவது வேறு பணம். பதிந்து 5 வருடம் ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகை அது. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. வேலையில் இருந்து அதை இழந்தவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இழந்தவருக்கு உள்ள வழி சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. தம்பி போனில் தன் சீட்டைக் காட்டினார். மொத்தச் சம்பளம் 15,000. பிடித்தம் என்ற தலைப்பின் கீழ் ஈ.எஸ்.ஐ. 113 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், 2019 ஜூலையிலிருந்து இதுதான் கணக்கு. அதற்கு முன் இரண்டுமே கூடுதலாக இருந்தன. மாதச் சம்பளம் 21,000 வரை வாங்குபவர்களுக்கு இது கட்டாயம். இந்த 113 ரூபாயை எல்லோரும் ஆஸ்பத்திரிக்கான பணம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரி, பிரசவம் என்றால் அயனாவரம் அல்லது கே.கே.நகர். வேலை போனால் கிளை அலுவலகம் என்பது ஏனோ யார் வாயிலும் வருவதில்லை.

ஈ.எஸ்.ஐ.யில் வேலையிழப்புக்கு இரண்டு திட்டங்கள் உண்டு. பழையதும் பெரியதும் 2005 ஏப்ரல் 1 முதல் இருக்கும் ராஜீவ் காந்தி திட்டம். ஆலையை மூடிவிட்டாலோ, ஆட்குறைப்புச் செய்தாலோ, வேலைக்கு வெளியே ஏற்பட்ட காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் வந்து வேலை போனாலோ அதில் கேட்கலாம். குறைந்தது 2 வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும். முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. அந்தக் காலம் முழுக்கக் குடும்பத்துக்கே வைத்தியமும் உண்டு. நம் ஊரில் தனியார் வேலையில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய வேலையிழப்புப் பணம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது, 2018 ஜூலை 1 அன்று சோதனை முயற்சியாகத் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். இதற்கு ஆலை மூடப்பட்டிருக்க வேண்டியதில்லை. வேலை இல்லாமல் போயிருந்தால் போதும். ஆனால் வாழ்நாளில் ஒரே முறைதான், அதிகபட்சம் 90 நாளுக்குத்தான். ஆரம்பத்தில் தினச் சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு என்று வைத்திருந்தார்கள். மூன்று மாதம் சும்மா இருந்த பிறகே கேட்கலாம், அதுவும் பழைய முதலாளி வழியாகத்தான் போக வேண்டும். வேலையை விட்டுத் தூக்கியவர் கையாலேயே சிபாரிசு வாங்கி வா என்று சொல்கிற விதி. யார் போவார்கள்? கொரோனா வந்து ஊரே அடங்கிய பிறகுதான் 2020 மார்ச் 24-ஐத் தொடக்கமாக வைத்து அதைத் தளர்த்தினார்கள். கால் பங்கு பாதியாயிற்று. காத்திருப்பு 30 நாளாயிற்று. தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம் என்றும் ஆயிற்று. அந்த வருடம் நவம்பரில் பிரமாணப் பத்திரமும் வேண்டாம் என்றார்கள். அதன்பின் தவணை தவணையாக நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். ஆகவே மனுப் போடும் முன் "இப்ப எந்தத் தேதி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க, எத்தனை சதவீதம்?" என்று கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

"ரெண்டுல எனக்கு எது சார்?"

அதைத்தான் அந்த ராஜினாமாக் கடிதம் முடிவு செய்யும். ஆர்டர் இல்லை என்று ஆளைக் குறைப்பது சட்டப்படி ஆட்குறைப்பு. அப்படிக் கம்பெனி எழுதிக் கொடுத்தால் பெரிய திட்டத்துக்கே வழி திறக்கிறது. கூடவே, ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்று கம்பெனியும் கொடுக்க வேண்டியிருக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது: ஆட்குறைப்பானவரின் பெயரில் கம்பெனி 15 நாள் சம்பளத்தை மறுதிறன் நிதி என்று ஒதுக்க வேண்டும். "நீயே ரிசைன் பண்ணிடு" என்று ஹெச்.ஆர். அவ்வளவு அன்பாகச் சொன்னதன் காரணம் இந்தக் கூட்டல் கணக்குதான். ராஜினாமாவில் கையெழுத்து விழுந்தால் இந்தத் தொகைகள் எல்லாம் ஒரே கோட்டில் அடிபட்டுப் போகும். சின்னத் திட்டத்திலும் தானாக வேலையைக் கைவிட்டவர், வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கியவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு வயதை எட்டியவர் ஆகியோருக்கு இடமில்லை.

வி.ஆர்.எஸ். என்றதும் ஸ்ரீபெரும்புதூர் நினைவுக்கு வருகிறது. 2014-ல் நோக்கியா ஆலை மூடப்படுவதற்கு முன் ஆயிரக்கணக்கானவர்கள் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். கையில் மொத்தமாகப் பணம் வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாசல் வழியாக வெளியே வந்தவர்களுக்கு மூடலுக்கான படி கிடையாது. எது லாபம் என்று இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது ஒன்று, தெரியாமலே போடுவது இன்னொன்று. ஆசை வார்த்தை சொல்லியோ மிரட்டியோ வாங்கிய ராஜினாமா என்றால் தொழிலாளர் அலுவலரிடம் போகலாம், வழக்கும் நடத்தலாம். நிரூபிக்கிற வேலை மட்டும் நம் தலையில் விழும்.

இன்னொரு இடத்தில் நமக்குத் தெரியாமலே நம் கதை எழுதப்படுகிறது. அதைப் பலர் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு மாதமும் கம்பெனி ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஓர் எக்செல் தாளை ஏற்றும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிதான் கெடு. ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஆறே ஆறு கட்டம்: காப்பீட்டு எண், பெயர், வேலை செய்த நாள், மாதச் சம்பளம், நாள் பூஜ்யமானால் அதற்கான காரண எண், கடைசி வேலை நாள். காரணத்துக்கு எண் போட்டுப் பட்டியலே இருக்கிறது. 1 என்றால் விடுப்பு. 2 என்றால் வேலையை விட்டுப் போய்விட்டார். 3 ஓய்வு. 9 வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு. 10 ஆட்குறைப்பு. 11 வேலை இல்லை.

டைம் ஆபீசில் இருக்கும் பையனுக்கு மாதக் கடைசியில் நூறு வேலை. வேண்டுமென்றே செய்வதல்ல. ஆள் இல்லையென்றால் கை தானாக 2 போடும். சில இடங்களில் அதுகூட இல்லாமல் மாதக் கணக்கில் 1 போட்டு, போன ஆளை விடுப்பிலேயே வைத்திருப்பார்கள். 10 போடுவதற்கு மட்டும் மேலிடத்தில் கேட்க வேண்டும். தம்பியின் அக்டோபர் வரியை ஏற்றக் கம்பெனிக்கு நவம்பர் 15 வரை நேரம் இருக்கிறது. அதற்கு முன்பே மனுப் போட்டால் அவர் இன்னும் வேலையில் இருப்பதாகவே பதிவு காட்டக்கூடும். மனு நிராகரிப்பு என்று சிலர் புலம்புவதில் கொஞ்சம் இந்தத் தேதிக் குழப்பம்தான். அதனால் ஹெச்.ஆர்.-க்கு ஒரு மின்னஞ்சல் போட்டு வைக்கச் சொன்னேன். நீளமாக வேண்டாம். "ஆர்டர் குறைவு காரணமாக 30 செப்டம்பருடன் எனக்கு வேலை இல்லை என்று கூறியுள்ளீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை. ஆட்குறைப்பு எனப் பதிவு செய்து எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். பதில் வராவிட்டாலும் அனுப்பிய தேதி நிற்கும்.

நேரிலும் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். கோபப்பட்டால் காரியம் கெடும். "சார், நீங்க 10 போட்டீங்கன்னா எனக்கு ஈ.எஸ்.ஐ.ல பணம் வரும், உங்க கையை விட்டுப் போறது ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் பார்க்கலாம் என்றேன். அது முழு உண்மை இல்லை என்பது ஹெச்.ஆர்.-க்கும் தெரியும். இருந்தாலும் சில பேர் மனசு வைப்பார்கள்.

இனி நாள் கணக்கு. ஈ.எஸ்.ஐ. வருடத்தை இரண்டாக வெட்டி வைத்திருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. சின்னத் திட்டத்துக்கு 2 வருடமாவது காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போனதற்கு முந்தைய அரையாண்டில் குறைந்தது 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுகளில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் பணம் கட்டியிருக்க வேண்டும். தம்பிக்கு நாலு வருடமாக ஒரே கம்பெனி, அதனால் இதில் சிக்கல் இல்லை.

சிக்கல் காண்டிராக்டில் இருப்பவர்களுக்குத்தான். காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் புதுக் காப்பீட்டு எண் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அரைகுறையாக எழுதிய பெயர், அப்பா பெயரில் ஓர் எழுத்து மாற்றம், புது எண் தயார். ஐந்து வருடம் வேலை பார்த்தவர் பதிவேட்டில் எட்டு மாதத்து ஆளாக நிற்பார். காப்பீட்டு எண் ஆளுக்கு ஒன்று, அது சாகும் வரை மாறாதது. எந்த வேலையில் சேர்ந்தாலும் பழைய பத்து இலக்க எண்ணைக் கொடுத்துச் சேருங்கள். ஏற்கெனவே இரண்டு இருந்தால் வேலையில் இருக்கும்போதே கிளை அலுவலகத்தில் மனுக் கொடுத்துச் சேர்த்துவிட வேண்டும். வேலை போன பிறகு இதைச் சரி செய்ய அலைவது கொடுமை.

சின்னத் திட்டத்தில் எவ்வளவு வரும்? கடைசி நாலு அரையாண்டுச் சம்பளத்தைக் கூட்டி 730-ஆல் வகுப்பார்கள். தம்பிக்கு மாதம் 15,000 வீதம் 24 மாதத்துக்கு 3,60,000. வகுத்தால் நாளைக்கு 493 ரூபாய் சொச்சம். அதில் பாதி 246 ரூபாய் 58 காசு. 90 நாளுக்கு ஏறக்குறைய 22,190. டீ கிளாசை வைத்துவிட்டு அவர் முகத்தைத் தொங்கப் போட்டார். எனக்கும் அது பெரிய தொகையாகத் தெரியவில்லைதான். அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு மூன்று மாத வாடகையும் அரிசி பருப்பும் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் தொகை இன்னும் இளைக்கும், ஏனென்றால் வகுக்கும் 730 மட்டும் மாறுவதில்லை. பெரிய திட்டமோ முதல் வருடத்துக்கே சம்பளத்தில் பாதி. 90 நாள் எங்கே, 24 மாதம் எங்கே? இந்த வித்தியாசத்துக்காகத்தான் அந்த 2-க்கும் 10-க்கும் நான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

மனுப் போடுவது அப்படியொன்றும் கம்பசூத்திரமில்லை. ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டாளருக்கான பகுதியில் காப்பீட்டு எண்ணைக் கொடுத்து நுழையலாம். உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது ஆதார் சேர்ந்திருக்கிறதா, வங்கிக் கணக்கு சரியா என்பது. சம்பளக் கணக்கைக் கொடுத்திருந்து, வேலை போனதும் அது முடங்கிவிட்டால் பணம் போன வழியே திரும்பும். ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் ஒருமுறை பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கிகள் இணைந்ததில் பழைய எண்கள் நிறைய செத்துப் போயிருக்கின்றன. மனுவை நிரப்பி, ஆதாரையும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் ஏற்ற வேண்டும். வேலை இல்லாத நாள் முடிந்த பிறகுதான் அந்த நாளுக்குக் கேட்க முடியும், வரப்போகும் மாதத்துக்கு முன்கூட்டியே கேட்க முடியாது. இடையில் வேறு வேலை கிடைத்துவிட்டால் கிடைத்த நாள் வரைதான் பணம். இரண்டு இடத்தில் வேலை பார்த்தவர் என்றால் இரண்டும் போயிருக்க வேண்டும். பொய் சொல்லி வாங்கித் தண்டனை பெற்றவருக்குக் கதவு சாத்தப்படும்.

இணையத்தில் போட்டதோடு நிற்காதீர்கள். அச்செடுத்து, உங்கள் கம்பெனி எந்தக் கிளை அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கே நேரில் போங்கள். முற்பகலில் போவது நல்லது. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, ஒன்றில் சீல் போட்டுத் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் தாமதமானால் அந்தச் சீல்தான் பேசும். கிளை அலுவலகத்தில் காது கொடுக்காவிட்டால் கோவை, மதுரை, சேலம், திருநெல்வேலியில் துணை மண்டல அலுவலகங்கள், சென்னையில் ஸ்டெர்லிங் சாலையில் மண்டல அலுவலகம் என்று மேலே இடம் இருக்கிறது.

"அப்போ ஈ.எஸ்.ஐ. கார்டு செத்துப் போச்சா சார்? அம்மாவுக்குச் சுகர் மாத்திரை அங்கதான் வாங்குறோம்."

இதற்குத்தான் அவர் அதிகம் பயந்திருந்தார். பயப்பட வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போதிய நாள் கட்டிய பணத்துக்கு, அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பலன் உண்டு. அதற்கு முந்தைய அரையாண்டுப் பணம் இந்த டிசம்பர் வரை தாங்கும். ஆக, செப்டம்பர் 30-ல் வேலை போனவருக்கு அடுத்த வருடம் ஜூன் வரை டிஸ்பென்சரி வாசல் திறந்தே இருக்கும். வேலை போன மறுநாளே கார்டைப் பீரோவில் பூட்டிவிட்டுத் தனியார் கிளினிக்குக்குக் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பி.எஃப். பற்றியும் கேட்டார். அது வேலையிழப்புப் பணம் அல்ல, அவருடைய சேமிப்பு. அதை எடுப்பதற்கான விதிகளை 2025 அக்டோபரில் அறங்காவலர் குழு மாற்ற முடிவெடுத்தது: முக்கால் பங்கை உடனே எடுக்கலாம், மிச்சத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று. முடிந்த மட்டும் கை வைக்காமல் இருப்பதே என் கட்சி. பென்ஷன் பகுதியை மட்டும் கண்டிப்பாக எடுக்காதீர்கள் என்பேன். 10 வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் மாதப் பென்ஷன், எடுத்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து. வெளியேறிய தேதியைக் கம்பெனி பதியாவிட்டால், இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். கடைசி மாதச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும். அப்புறம் தீபாவளி போனஸ்: அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை பார்த்தவருக்கு, இப்போது வேலையில் இல்லாவிட்டாலும் உண்டு. இதைக் கேட்டதும்தான் தம்பி முதல்முறையாகச் சிரித்தார்.

எழுந்து காசு கொடுக்கப் போனவர் திரும்பி வந்தார். "என் ஃபிரண்டு ஒருத்தன் சார், அதே கம்பெனியில க்வாலிட்டில இருந்தான். அவனையும் என்னோடதான் அனுப்பினாங்க. அவனுக்கு 23,000. அவனுக்கு இது எதுவும் கிடையாதுல்ல?"

பொதுவாகக் கிடையாதுதான். 21,000-ஐத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. இல்லை. ஐ.டி. கம்பெனியில் ஒரே மெயிலில் வேலை போகிறவருக்கும் அரசிடமிருந்து மாதப்படி என்று ஒன்றும் இல்லை. அவர் நம்ப வேண்டியது பி.எஃப்., கிராஜுவிட்டி, கம்பெனி தரும் தொகை ஆகியவற்றைத்தான். 21,000 என்ற அந்தக் கோட்டைப் போட்டது 2017 ஜனவரியில். விலைவாசி எங்கேயோ போன பிறகும் கோடு அங்கேயே நிற்பது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

"அவருக்கு 23,000 ஆனது எப்ப?"

"மே மாசம் இன்கிரிமென்ட் சார். அதுக்கு முன்னாடி 20,500."

அரையாண்டின் நடுவில் சம்பளம் கோட்டைத் தாண்டினால் அந்த அரையாண்டு முடியும் வரை பிடித்தம் தொடர வேண்டும், காப்பீடும் தொடரும். மே மாதம் ஏறியது என்றால் செப்டம்பர் 30 வரை அவர் ஈ.எஸ்.ஐ.யில்தான் இருந்திருக்க வேண்டும்.

"செப்டம்பர் சம்பளச் சீட்டுல ஈ.எஸ்.ஐ. பிடிச்சிருக்காங்களான்னு பார்க்கச் சொல்லுங்க. பிடிச்சிருந்தா நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க. மே மாசத்திலேயே நிறுத்தியிருந்தாலும் கூட்டிட்டு வாங்க, அது கம்பெனி விட்ட தப்பு. அதுக்கு வேற மனு எழுதணும்."